இருபதின் மடங்கு

காவல்கிணறு விலக்கில்
பதினாறு மீட்டர் இரும்புப் பலகை.
அதில் ஏறி இறங்குகிற எதையும்
கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து
இரவு பத்து முதல் காலை ஆறுவரை
சிவப்பு எண்களாகப் பார்ப்பது என் வேலை.
பி.எஸ்சி. இயற்பியல் சான்றிதழ்
ரசீதுக் கட்டுகளுக்கு அடியில் கிடக்கிறது.

பெட்டி இருபது இருபதாகத்தான் எண்ணும்.
ஒன்பது கிலோவைப் பூஜ்யம் என்கும்.
பிறந்தபோது என் மகன் இரண்டே முக்கால் கிலோ.
அவன் வந்ததை இந்தப் பலகை
அறிந்திருக்கவே அறிந்திருக்காது.

இரண்டு மணி சுமாருக்குக் கொம்பையா.
பன்னிரண்டு சக்கரம், ஜல்லி,
களியக்காவிளை தாண்டிப் போகிற லோடு.
முப்பத்தெட்டாயிரத்து நானூற்று அறுபது.

"எக்கா, மூணர டன்னு கூட நிக்கி.
கொஞ்சம் கொறச்சிப் போடேன்.
பைன் விழுந்தா மொதலாளி
எஞ் சம்பளத்துலல்லா பிடிப்பாரு."

"குறைக்கலாம். வண்டிய நிலாவுக்கு விடு.
அங்க இது ஆறாயிரத்து நானூத்திச் சொச்சம்."

சிரிப்பான் என்று பார்த்தேன்.
மீசையைத் தடவிக்கொண்டு கேட்டான்:
"மிச்ச ஜல்லி எங்க போவும்?"

எங்கேயும் போகாது, கொம்பையா.
ஒரு ஜல்லி குறையாது.
இழுக்கிற ஆள் அங்கே சின்ன ஆள், அவ்வளவுதான்.
பிரேக் பிடிக்காமல் ஒரு பாறையில் மோதினால்
முப்பத்தெட்டு டன்னும் சேர்ந்துதான் மோதும்.
தட்டுத் தராசு கொண்டுபோனால்
அங்கேயும் இதே கணக்குதான் சொல்லும்;
படிக்கல்லும் கூடவே இளைத்துவிடும் அல்லவா.
என் பலகைக்குக் கீழே இருப்பது தராசு இல்லை.
எவ்வளவு அமுக்குகிறாய் என்பது மட்டும்தான்
அதற்குத் தெரியும்.

"எனக்கு ஏழர நடக்குக்கா," என்றான்,
எல்லாவற்றுக்கும் அதுவே பதில் என்பதுபோல.

அதையும் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன்,
லோடு வராத ஒரு மழை ராத்திரியில்.
தொண்ணூற்றைந்து பூமியின் சரக்கு சனியிடம் உண்டு.
ஆனால் உப்பிப்போன உடம்பு.
மையம் எங்கேயோ, விளிம்பு எங்கேயோ.
அத்தனை சரக்கின் இழுப்பையும்
நடுவில் கிடக்கிற தூரம் தின்றுவிடுகிறது.
நிற்க அங்கே தரை இல்லை; இருந்து நீ நின்றால்
அறுபது கிலோ அறுபத்துநாலு ஆகும்.
என் பெட்டி அதையும் அறுபது என்றே காட்டும்.
வியாழன்தான் ஆளை அழுத்தும், இரண்டரை மடங்கு.
குருபெயர்ச்சிக்கு மாலை வாங்குகிறவர்களிடம்
இதையெல்லாம் சொல்வதில்லை.

ரசீதில் உள்ளது உள்ளபடி அச்சடித்தேன்.
வாங்கி, பார்க்காமல் மடித்து, பையில் வைத்தான்.

சில சாயங்காலம் மகேந்திரகிரிக்குள்
எஞ்சினைக் கட்டிவைத்துக் கொளுத்துவார்கள்.
பறக்கச் செய்ததைப் பறக்கவிடாமல் பிடித்து
எவ்வளவு முட்டுகிறது என்று அளப்பார்கள்.
காலிப் பலகையின் பூஜ்யம்
அப்போது லேசாக நடுங்குவதுபோல் இருக்கும்.
எனக்கு மட்டும் அப்படித் தோன்றுகிறதோ என்னவோ.

வண்டியை ஓரம்கட்டிவிட்டு
டீக்குப் போகிற வழியில் பலகைமேல் நடந்தான் கொம்பையா.
அறுபது.
போன ஆடியில் எண்பது காட்டியது.
சர்க்கரை என்று சொல்லியிருந்தான்.
எழுபத்தொன்றிலிருந்து அறுபத்தொன்பதுக்கு வந்திருக்கலாம்,
வெறும் இரண்டு கிலோ;
பெட்டிக்கு அது இருபது.
எண்ணைச் சொல்லாமல் அழித்தேன்.

"நீயும் ஏறுக்கா," என்றான், இரண்டு டம்ளரோடு திரும்பி வந்து.
மூன்று வருஷத்தில் ஏறியதில்லை.
ஏறினால் எண் உள்ளே எரியும், நான் வெளியே நிற்பேன்.

அவனை என் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் போனேன்.
பனியில் இரும்பு ஜில்லென்று இருந்தது.
செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன்.
கீழே இருக்கிற அத்தனையும்,
பணகுடிப் பாறை, தாமிரபரணித் தண்ணீர், மறுபக்கத்துக் கடல்,
என்னைப் பிடித்து இழுத்தது.
அதே அளவு நானும் அதை இழுத்தேன்.

"எவ்வளவு?"

கண்ணாடிக்குப் பின்னால் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான்.
டீயை ஒரு வாய் குடித்தான்.

"பத்து!" என்று கத்தினான்.

இருபது இருபதாக எண்ணுகிற பெட்டி
பத்து காட்டாது.